‘வாங்கு’ பொத்தானை அழுத்தினால் கைக்கு வருவது என்ன?

2024 மார்ச் 31 அன்று யூபிசாஃப்ட் நிறுவனம் ‘தி க்ரூ’ என்ற கார்ப் பந்தய விளையாட்டின் சர்வர்களை நிறுத்தியது. 2014இல் வெளிவந்த விளையாட்டு அது. இணையம் வழியாக இறக்கிக்கொண்டவர்களுக்கு அன்றோடு ஆட்டம் முடிந்தது. கடைக்குப் போய் டப்பாவோடு டிஸ்க் வாங்கி அலமாரியில் அடுக்கியவர்களுக்கும் அதே கதிதான். தனியாளாக ஆடும் பகுதிகூட நிறுவனத்தின் சர்வரைத் தொட்ட பிறகே திறக்கும்படி அதை அமைத்திருந்தார்கள். டிஸ்க் இன்றும் கீறல் விழாமல் இருக்கலாம். செருகினால் எதுவும் ஓடாது.

அதற்குப் பிறகு உலகெங்கும் ஒரே வாக்குவாதம் இரண்டு குரல்களில் நடந்துகொண்டிருக்கிறது. “காசு கொடுத்தேன், பொருள் என்னுடையது, நிறுத்த நீ யார்?” என்பது ஒரு குரல். “நீ வாங்கியது விளையாட்டை அல்ல, விளையாடும் உரிமத்தை. விதிகளைப் படிக்காமல் ‘சம்மதம்’ அழுத்தியது உன் தவறு” என்பது மற்றொன்று. இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி எங்கே என்று பார்க்க, பதிப்புரிமைச் சட்டத்தின் அடித்தளத்திலிருந்து தொடங்க வேண்டும்.

மூன்றைப் பிரித்துப் பார்ப்பது

ஒரு புத்தகக் கடையில் 200 ரூபாய் கொடுத்து நாவல் வாங்குகிறோம். அந்த நாவலைச் சுற்றி மூன்று தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன.

1. பதிப்புரிமை. நாவலை அச்சடிக்க, மொழிபெயர்க்க, படமாக்க உள்ள உரிமை. இது எழுத்தாளரிடமோ பதிப்பகத்திடமோ இருக்கிறது. 200 ரூபாய்க்கு இது கிடைக்காது.

2. பிரதி. காகிதமும் மையும் அட்டையுமாகக் கையில் இருக்கும் பொருள். இது முழுக்க முழுக்க நம்முடையது. கிழிக்கலாம், விற்கலாம், தங்கைக்குக் கொடுக்கலாம்.

3. அணுகும் வழி. புத்தகத்தைத் திறந்து படிக்கும் செயல். காகிதப் புத்தகத்தில் இது பிரதியோடு ஒட்டியே வருவதால் இப்படி ஒன்று தனியாக இருப்பதே நமக்குத் தெரிவதில்லை. திறந்தால் படிக்கலாம், அவ்வளவுதான்.

டிஜிட்டல் வணிகத்தில் மாறிப்போனது இந்த மூன்றாவது. அணுகும் வழியைப் பிரதியிலிருந்து கழற்றி, விற்பவர் தன் கையிலேயே வைத்துக்கொள்ள முடிகிறது. இரண்டாவதை நம்மிடம் கொடுத்துவிட்டு மூன்றாவதைப் பிடித்து வைக்கலாம். அந்த டிஸ்க்குக்கு நடந்தது அதுதான். சில சமயம் இரண்டாவதைக்கூடக் கொடுப்பதில்லை.

நிலக் கிரயப் பத்திரம் படித்தவர்களுக்கு உரிமை என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. “புத்திர பௌத்திர பாரம்பரியமாய், தானாதி வினிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய், சர்வ சுதந்திரத்துடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது” என்று பழைய பத்திரங்களில் ஒரு வரி தவறாமல் வரும். தானம் என்றால் இலவசமாகக் கொடுப்பது. வினிமயம், மாற்றிக்கொள்வது. விக்கிரயம், விற்பது. புத்திர பௌத்திரம், பிள்ளைக்கும் பேரனுக்கும் போய்ச் சேருவது. ஒரு பொருளை ‘வாங்கிவிட்டேன்’ என்று சொல்ல இந்த நான்கும் வேண்டும் என்பதைப் பத்திர எழுத்தர்கள் எப்போதோ வரையறுத்துவிட்டார்கள். நம் தொலைபேசியில் ‘வாங்கிய’ திரைப்படத்தையோ மின்னூலையோ இந்த வரிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் நான்கில் ஒன்றுகூடத் தேறாது.

ஒரு டாலர் நாவலும் 1908ஆம் ஆண்டுத் தீர்ப்பும்

பிரதியை விற்ற பிறகும் அதைக் கட்டுப்படுத்த நினைப்பது மென்பொருள் காலத்தின் புது ஆசை அல்ல. அமெரிக்காவில் பாப்ஸ்-மெரில் என்ற பதிப்பகம் ‘தி காஸ்டவே’ என்ற நாவலை வெளியிட்டபோது, பதிப்புரிமை அறிவிப்புக்குக் கீழே ஒரு குறிப்பையும் அச்சிட்டது. சில்லறை விலை ஒரு டாலர். அதற்குக் குறைத்து விற்க எந்த வியாபாரிக்கும் உரிமம் கிடையாது. மீறி விற்றால் பதிப்புரிமை மீறலாகக் கருதப்படும். இன்று மென்பொருளை நிறுவும்போது திரையில் ஓடும் நீண்ட உரிம ஒப்பந்தத்தின் பாட்டன் என்று அந்தக் குறிப்பைச் சொல்லலாம்.

நியூயார்க்கின் மேசீஸ் கடை அதை 89 சென்டுக்கு விற்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1908இல் வந்த தீர்ப்பு தெளிவானது: பதிப்புரிமைச் சட்டம் படைப்பைப் பெருக்கி விற்கும் உரிமையைத் தருகிறது; ஒரு பிரதியை நியாயமாக விற்றுக் காசு வாங்கியபின், அந்தப் பிரதி அடுத்தடுத்து எந்த விலைக்குக் கைமாறுகிறது என்பதைப் பதிப்பாளர் ஆள முடியாது. அந்த வழக்கில் பதிப்பகத்துக்கும் கடைக்கும் நேரடி ஒப்பந்தம் எதுவும் இல்லை என்பதையும் நீதிமன்றம் குறித்துக்கொண்டது. ஒப்பந்தம் இல்லை என்ற இந்தக் கருத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இது பெரிதாக வளரும்.

இதற்குப் பெயர் முதல் விற்பனைக் கோட்பாடு. பழைய புத்தகக் கடை, வாடகை நூலகம், நண்பருக்கு இரவல் எல்லாம் இதன்மேல்தான் நிற்கின்றன. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்திலும், இலக்கியப் படைப்புகளைப் பொறுத்தவரை, ஒருமுறை விற்ற பிரதி ‘ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள பிரதி’ ஆகிவிடுகிறது. அதை மறுபடி வெளியிடத் தடைபோடும் உரிமை பதிப்பாளருக்கு இல்லை. முதல் பக்கத்தில் யாரோ ஒருவர் நீல மையில் பெயரும் கல்லூரியும் எழுதிவைத்த பாடப்புத்தகம் திருவல்லிக்கேணி நடைபாதையில் நமக்குப் பாதி விலையில் கிடைப்பது இதனால்தான்.

மென்பொருள் தனிவழி போன கதை

புத்தகத்தைப் படிக்கப் பிரதி எடுக்க வேண்டியதில்லை. மென்பொருள் அப்படி இல்லை. வட்டிலிருந்து கணினியில் நிறுவும்போது ஒரு பிரதி உண்டாகிறது. ஓட்டும்போது நினைவகத்தில் இன்னொன்று. பிரதி எடுப்பது பதிப்புரிமையாளரின் உரிமை. ஆகவே, ஓட்டுவதற்கே அனுமதி வேண்டும் என்ற வாதத்துக்கு இடம் கிடைத்தது. சட்டம் உரிமையாளருக்கு இதில் விலக்கு கொடுத்தது. அமெரிக்கச் சட்டத்தின் 117ஆவது பிரிவு, பிரதியின் உரிமையாளர் ஓட்டுவதற்குத் தேவையான நகலை எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. அதில் ‘பிரதியின் உரிமையாளர்’ என்ற சொல்லைத்தான் நிறுவனங்கள் பிடித்துக்கொண்டன. வாங்குபவரை உரிமையாளர் என்றே ஒப்புக்கொள்ளாவிட்டால்? “இந்த மென்பொருள் உரிமமாக வழங்கப்படுகிறது, விற்கப்படவில்லை” என்ற வரி அப்படிப் பிறந்தது. விண்டோஸ் உரிம விதிகளில் இன்றும் இருக்கிறது.

இந்த வரிக்கு எவ்வளவு பலம் என்பதைக் காட்டிய வழக்கு வெர்னர் எதிர் ஆட்டோடெஸ்க். சியாட்டிலில் ஒரு கட்டட வடிவமைப்பு அலுவலகம், ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் வரைபட மென்பொருளான ஆட்டோகேட் 14ஆம் பதிப்பை வைத்திருந்தது. சலுகை விலையில் புதிய பதிப்புக்கு மாறியபோது பழைய வட்டுகளை அழித்துவிட வேண்டும் என்பது நிபந்தனை. அவர்கள் அழிக்கவில்லை. அலுவலகச் சாமான்களை விற்றபோது, வட்டுகளும் சேர்ந்து நான்கு பொட்டலங்களாகப் போயின. அவற்றை வாங்கிய வெர்னர் ஈபே என்ற இணையச் சந்தையில் விற்க முனைந்தார். அவை போலி இல்லை, நிறுவனமே வெளியிட்ட அசல் வட்டுகள். அவர் எந்த உரிம ஒப்பந்தத்துக்கும் சம்மதம் சொன்னவரும் இல்லை.

கீழ் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 2010 செப்டம்பரில் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் திருப்பிப்போட்டது. மூன்று கேள்விகளை அது வகுத்தது:

1. தருவது உரிமம் என்று நிறுவனம் சொல்லியிருக்கிறதா?
2. அதைப் பிறருக்கு மாற்றித் தருவதைக் குறிப்பிடத்தக்க அளவில் தடுத்திருக்கிறதா?
3. பயன்படுத்தும் விதத்தில் கட்டுப்பாடுகள் விதித்திருக்கிறதா?

மூன்றுக்கும் ‘ஆம்’ என்றால் கையில் வட்டு வைத்திருப்பவர் உரிமையாளர் அல்லர், உரிமம் பெற்றவர் மட்டுமே. அந்தக் கட்டட வடிவமைப்பு அலுவலகமே உரிமையாளர் இல்லை என்பதால், அவர்களிடம் வாங்கியவருக்கும் விற்க உரிமை இல்லை.

மூன்று கேள்விகளையும் மறுபடி பாருங்கள். மூன்றுக்கும் விடை நிறுவனமே எழுதிய காகிதத்தில் இருக்கிறது. 1908இல் புத்தகத்தின் உள்ளே அச்சிட்ட குறிப்பு செல்லாது என்று சொன்ன அதே சட்ட மரபு, 2010இல் கொஞ்சம் நீளமாக, சரியான சொற்களில் எழுதினால் செல்லும் என்கிறது. இது தவறான திருப்பம் என்பதே என் எண்ணம். ஒரு பொருளுக்கு ஒரே தடவை முழு விலை வாங்கிக்கொண்டு, திருப்பிக் கேட்கும் தேதியும் குறிப்பிடாமல், காலவரம்பின்றிக் கையில் கொடுத்துவிட்டால் நடந்தது விற்பனைதான். தலைப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட, நடந்தது என்ன என்பதைப் பார்ப்பதே நியாயம்.

ஐரோப்பா பாதி தூரம் எதிர்த் திசையில் போனது

அந்த நியாயத்தை ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2012 ஜூலையில் ஏற்றுக்கொண்டது. ஆரக்கிள் நிறுவனத்தின் மென்பொருள் உரிமங்களை யூஸ்டுசாஃப்ட் என்ற நிறுவனம் இரண்டாம் கையாக விற்றது. நீதிமன்றம் சொன்னது: இணையத்தில் இறக்கிக்கொண்டதாக இருந்தாலும், காலவரையற்ற உரிமத்துக்கு ஒரு விலை கொடுத்திருந்தால் அது விற்பனை, மறுவிற்பனையைத் தடுக்கும் உரிமை அத்தோடு தீர்ந்துபோகிறது. ஒரே நிபந்தனை, விற்பவர் தன்னிடம் உள்ள பிரதியைப் பயன்படுத்த முடியாதபடி செய்துவிட வேண்டும்.

இதைப் படித்துவிட்டுப் பலரும் “ஐரோப்பாவில் டிஜிட்டல் பொருள் எதையும் மறுபடி விற்கலாம்” என்று சொல்லிவருகிறார்கள். சரியில்லை. 2019 டிசம்பரில் டாம் கபினெட் வழக்கில் அதே நீதிமன்றம் மின்னூலுக்கு இது பொருந்தாது என்றது. மென்பொருளுக்குத் தனிச் சட்டம், மற்றப் படைப்புகளுக்கு வேறு சட்டம் என்பது அதன் விளக்கம். தேய்மானமே இல்லாத பழைய மின்னூல் புதியதற்கு அச்சு அசலான போட்டியாகிவிடும் என்ற பொருளியல் காரணத்தையும் சொன்னது. அமெரிக்காவில் 2018இல் ரீடிஜி வழக்கும் பாட்டுக் கோப்புகளைப் பற்றி இதே முடிவுக்கு வேறு பாதையில் வந்து சேர்ந்தது: கோப்பை ஓர் இடத்திலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பினாலே புதுப் பிரதி உண்டாகிறது, முதல் விற்பனைக் கோட்பாடு பழைய பிரதிக்குத்தான்.

அந்தத் தேய்மான வாதத்தை லேசாக ஒதுக்க முடியாது. பழைய புத்தகத்தில் பக்கம் மஞ்சளாகும், முதுகு பிரியும். அதனால் புதியதற்கும் சந்தை இருக்கும். கோப்புக்கு வயதாவதில்லை. நூறு பேர் ஒரே கோப்பைச் சுற்றுக்கு விட்டால் எழுத்தாளருக்கு ஒரு விற்பனைதான் மிஞ்சும். ஆனால் இது மறுவிற்பனைக்கு எதிரான வாதம் மட்டுமே. வாங்கியவரிடமிருந்தே பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்வதற்கு இதில் எந்த நியாயமும் இல்லை. விவாதங்களில் இந்த இரண்டையும் குழப்பிவிடுவதால், மறுவிற்பனையைப் பற்றிச் சொன்ன பதிலை வைத்துப் பறிமுதலை நியாயப்படுத்திவிடுகிறார்கள்.

பூட்டு யாருடையது, சாவி எங்கே?

2009 ஜூலையில் அமெரிக்காவில் அமேசானின் மின்னூல் கருவியான கிண்டில் வைத்திருந்த சிலர், தாங்கள் வாங்கிய ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’, ‘அனிமல் ஃபார்ம்’ நூல்கள் கருவியிலிருந்து காணாமல் போனதைக் கண்டார்கள். அவற்றைக் கடையில் ஏற்றிய மூன்றாம் நிறுவனத்துக்கு அமெரிக்காவில் விற்கும் உரிமை இல்லை. அது தெரியவந்ததும் அமேசான் காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, எல்லாருடைய கருவியிலிருந்தும் நூலைத் தொலைவிலிருந்தே அழித்தது. ஒரு பள்ளி மாணவர் பாடத்துக்காக ‘1984’ஐப் படித்துக் குறிப்புகள் எழுதிவைத்திருந்தார். நூல் போனதும் எந்த வரிக்கு எழுதியது என்று தெரியாமல் குறிப்புகள் வெறும் துண்டுகளாகிவிட்டன. அவர் வழக்குத் தொடுத்தார். அமேசான் ஒன்றரை லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. அதன் அன்றைய தலைவர் ஜெஃப் பெசோஸ் வெளிப்படையாக மன்னிப்பும் கேட்டார்.

அந்தக் குறிப்புகள் யாருடையவை? மாணவர் எழுதியவை, அவருடைய பதிப்புரிமைக்கு உரியவை. பத்து ஆண்டுகள் கழித்து, 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது வாங்கியவர்களுக்கு முழு விலையையும் திருப்பிக் கொடுத்தது. நூலில் குறிப்பு எழுதியிருந்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர். நேர்மையான மூடல்தான். ஆனாலும் காசு கொடுத்தவர்கள் எல்லாருடைய நூல்களும் ஒரே மாதத்தில் திறக்காமல் போயின. காகித நூல் விற்ற கடை மூடினால் வீட்டு அலமாரி காலியாவதில்லை.

இதைச் செய்ய முடிவது டிஆர்எம் எனப்படும் டிஜிட்டல் பூட்டினால். கோப்பு மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். திறக்கும் சாவி விற்பவரின் சர்வரிலிருந்து வரும். பூட்டு மூன்று நிலைகளில் வரும், ஒவ்வொன்றிலும் ஆபத்து வேறு:

1. கோப்பு முழுவதும் நம்மிடம், சாவியும் நம் கருவியிலேயே. கடை மூடினாலும் கருவி இருக்கும்வரை ஓடும்.
2. கோப்பு நம்மிடம், சாவியைப் புதுப்பிக்கச் சர்வர் வேண்டும். சர்வர் நின்றால் கோப்பு வெறும் எண் குவியல்.
3. கோப்பே நம்மிடம் இல்லை. படமோ விளையாட்டின் முக்கியப் பகுதியோ சர்வரிலேயே இருக்கிறது, நாம் பார்க்க மட்டும் செய்கிறோம்.

மூன்றாவது நிலையில் பூட்டை உடைக்கும் கேள்வியே எழாது. உடைத்துத் திறக்க நம் கையில் எதுவும் இல்லை. முதல் விற்பனை, காப்புப் பிரதி, மறுவிற்பனை என்று பதிப்புரிமைச் சட்டம் நமக்குக் கொடுத்த உரிமைகள் அத்தனையும் பிரதியைப் பற்றியவை. கையில் பிரதி இருந்தால் சட்டம் நமக்காகப் பேசும்; இல்லாவிட்டால் அவர்கள் எழுதிய ஒப்பந்தம் மட்டுமே பேசும். கடந்த இருபது ஆண்டுகளில் வணிகம் முழுவதும் முதல் நிலையிலிருந்து மூன்றாவதை நோக்கி நகர்ந்திருக்கிறது. சட்டம் எந்த உரிமையையும் நீக்காமலே உரிமை கரைந்துபோனது இப்படித்தான். 2025 பிப்ரவரியில் கிண்டில் நூல்களைக் கணினியில் இறக்கி யூஎஸ்பி வழியாக மாற்றும் வசதியை அமேசான் நீக்கியதும் அதே பாதையில் இன்னோர் அடி.

இந்தியச் சட்டம்: எது சொல்கிறது, எது சொல்லவில்லை

இங்கே அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் இரண்டு தீர்ப்புகளைச் சரியான இடத்தில் வைக்க வேண்டும்.

2004இல் டாடா கன்சல்டன்சி எதிர் ஆந்திரப் பிரதேசம் வழக்கில், வட்டில் பதிந்து கடையில் விற்கும் ஆயத்த மென்பொருள் ‘சரக்கு’ என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது. 2021 மார்ச் 2 அன்று எஞ்சினியரிங் அனாலிசிஸ் வழக்கில், வெளிநாட்டு நிறுவனத்திடமிருந்து மென்பொருள் வாங்கும் இந்தியர் செலுத்தும் தொகை ‘ராயல்டி’, அதாவது பதிப்புரிமையைப் பயன்படுத்தக் கொடுக்கும் கட்டணம், ஆகாது என்றது. இறுதிப் பயனருக்கான ஒப்பந்தம் தன்னை உரிமம் என்று அழைத்துக்கொண்டாலும், பதிப்புரிமையில் எந்தப் பங்கையும் அது மாற்றித் தரவில்லை. நிரல் பதிந்த பொருளின் விற்பனையே அது, அதாவது சரக்கு விற்பனை என்பது நீதிமன்றத்தின் விளக்கம்.

“பார்த்தீர்களா, உரிமம் என்ற பேச்சே கிடையாது, எல்லாம் விற்பனை என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது” என்று இதை எடுத்துக் காட்டுகிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். முதலாவது விற்பனை வரி வழக்கு, இரண்டாவது வருமான வரிப் பிடித்தம் பற்றியது. வாங்கியவர் மறுபடி விற்கலாமா, நிறுவனம் சர்வரை நிறுத்தலாமா என்பவை அங்கே தீர்ப்புக்கு வந்த கேள்விகள் இல்லை. ஆயினும் ஒப்பந்தத்தின் பெயர்ப் பலகையைத் தாண்டி உள்ளே நடந்தது என்ன என்று பார்த்த அந்த முறை நமக்குப் பெரிய துணை. வெர்னர் வழக்கு நிறுவனத்தின் சொல்லிலிருந்து தொடங்கியது. நம் உச்ச நீதிமன்றம் நடந்த காரியத்திலிருந்து தொடங்கியது.

பயனருக்கு நேரடியாக உதவுவது பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. நிரலின் பிரதியைச் சட்டப்படி வைத்திருப்பவர், இழப்புக்கும் சேதத்துக்கும் முன்னெச்சரிக்கையாகக் காப்புப் பிரதி எடுக்கலாம். தனித்தனியாக எழுதிய வேறு நிரல்களோடு ஒத்து இயங்கத் தேவையான தகவலை, அது எளிதாகக் கிடைக்காதபோது, உள்ளே பார்த்து எடுக்கலாம். நிரலின் அடிப்படைக் கருத்துகளை அறிய அதைக் கவனித்து, ஆராய்ந்து, சோதிக்கலாம். சொந்தமாக, சட்டப்படி பெற்ற பிரதியிலிருந்து வணிக நோக்கமில்லாத தன் பயனுக்கு நகல் எடுக்கலாம். இங்கே சட்டத்தின் சொல் ‘சட்டப்படி வைத்திருப்பவர்’. அமெரிக்கச் சட்டம்போல ‘உரிமையாளர்’ என்று கேட்கவில்லை. அங்கே ஒரு சொல்லில் தொடங்கிய சண்டை இங்கே இந்த ஒரு சொல்லால் தவிர்க்கப்பட்டிருக்கிறது.

பூட்டை உடைப்பதிலும் வேறுபாடு இருக்கிறது. அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டு டிஎம்சிஏ எனும் டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டத்தில் அணுகலைத் தடுக்கும் பூட்டை உடைப்பதே சட்டமீறல். காரணம் நல்லதா கெட்டதா என்பது பிறகு. மூன்றாண்டுக்கு ஒருமுறை அங்கே காங்கிரஸ் நூலகர், அதாவது நாடாளுமன்ற நூலகத்தின் தலைவர், விலக்குப் பட்டியல் வெளியிடுவார். தன் சொந்த டிராக்டரைப் பழுதுபார்க்க அதற்குள் இருக்கும் மென்பொருள் பூட்டைத் திறக்க, 2015இல் அந்தப் பட்டியலில் இடம் கிடைக்க வேண்டியிருந்தது. இந்தியாவில் 2012 திருத்தம் கொண்டுவந்த 65ஏ பிரிவு, உரிமை மீறும் நோக்கத்தோடு உடைத்தால்தான் குற்றம் என்கிறது. இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. சட்டம் வெளிப்படையாகத் தடை செய்யாத நோக்கத்துக்கு என்றால் அந்தப் பிரிவு குறுக்கே வராது. வாங்குபவர் பக்கம் நின்று யோசித்து எழுதிய பிரிவு இது, பாராட்ட வேண்டியது. ஆனால் மேலே சொன்ன மூன்றாம் நிலைக்கு முன்னால் இதற்கும் வேலை இல்லை.

உரிமம் என்றாலே கெடுதலா?

இல்லை. உரிமம் என்பது ஒரு கருவி. எதை அனுமதிக்கிறது என்பதுதான் கேள்வி. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான லினக்ஸ் கெர்னல், ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தில் வருகிறது. யாரும் அதை ‘விற்பனை’ என்று சொல்வதில்லை. ஆனாலும் ஓட்டலாம், உள்ளே பார்க்கலாம், மாற்றலாம், பகிரலாம். விதிகளை மதிக்கும்வரை, கொடுத்த பிரதியை யாரும் வந்து திரும்பப் பிடுங்க முடியாது. சங்க இலக்கியத்திலிருந்து தொடங்கித் தமிழ் நூல்களை 1998 முதல் மின்வடிவில் தந்துவரும் மதுரைத் திட்டத்தின் கோப்பு ஒன்றை அன்று இறக்கி வைத்தவர் இன்றும் திறந்து படிக்கலாம். சாவி கேட்டு எந்தச் சர்வரையும் அது தட்டுவதில்லை. விளையாட்டுத் துறையில் ஜிஓஜி கடை பூட்டில்லாத நிறுவல் கோப்பைக் கொடுக்கிறது. அங்கேயும் சட்டப்படி கிடைப்பது உரிமம்தான், ஆனால் இறக்கிய கோப்பு நம் வன்வட்டில் இருக்கிறது.

ஆகையால் “உரிமமா, உரிமையா” என்று மோதுவதைவிட, “பிரதி என்னிடம் இருக்கிறதா, அதைத் திறக்க யாரிடமாவது கேட்க வேண்டுமா” என்று பார்ப்பது விவாதத்தைச் சட்டென்று தெளிவாக்கும்.

சொல்லுக்கு வந்த சட்டம்

கலிஃபோர்னியா 2024 செப்டம்பரில் ஏபி 2426 என்ற சட்டத்தை இயற்றியது. 2025 ஜனவரி 1 முதல் நடைமுறை. டிஜிட்டல் பொருளை உரிமமாக மட்டும் தரும் கடை ‘வாங்கு’, ‘கொள்முதல்’ போன்ற சொற்களை அப்படியே பயன்படுத்தக் கூடாது. ஒன்று, கிடைப்பது உரிமம்தான், அது திரும்பப் பெறப்படலாம் என்பதை அறிந்தேன் என்று வாங்குபவரிடம் தனியாக ஒப்புதல் பெற வேண்டும். அல்லது அது உரிமம் என்பதைக் கண்ணில் படும்படி தெளிவாகச் சொல்லி, விதிகளுக்கு வழிகாட்ட வேண்டும். நிரந்தரமாக இறக்கி வைத்துக்கொண்டு இணையம் இல்லாமலே பயன்படுத்தக் கூடிய பொருளுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. கணினி விளையாட்டுகள் விற்கும் ஸ்டீம் என்ற இணையக் கடையில் 2024 அக்டோபரிலிருந்து, காசு செலுத்தும் பக்கத்தில், வாங்குவது உரிமம் என்று ஒரு வரி தோன்றுகிறது.

இந்தச் சட்டம் சர்வரை நிறுத்துவதைத் தடுக்கவில்லை. சொல்லை மட்டும் திருத்துகிறது. அது போதாது என்று கருதியவர்கள் 2024 ஏப்ரலில் ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். சர்வரை என்றென்றும் நடத்து என்று அவர்கள் கேட்கவில்லை. நிறுத்துவதானால், நிறுவனத்தின் துணையில்லாமலே ஆடக்கூடிய நிலையில் விட்டுவிட்டுப் போ என்பதுதான் கோரிக்கை. சட்டம் கேட்டு மக்கள் ஐரோப்பிய ஒன்றியத்துக்குக் கொடுக்கும் மனுவான ஐரோப்பியக் குடிமக்கள் முன்முயற்சியாக அது 2025 ஜூலைக்குள் தேவையான 10 லட்சம் கையெழுத்துகளைத் தாண்டியது. எதிர்ப்பவர்களின் முக்கிய வாதம் செலவும் பாதுகாப்பும்: பல விளையாட்டுகளின் சர்வர் நிரலில் பிறருக்குச் சொந்தமான பகுதிகள் இருக்கின்றன, அவற்றை வெளியிட முடியாது. ஏற்கெனவே வெளிவந்த விளையாட்டுகளுக்கு அது உண்மையான சிக்கல். இனிமேல் எழுதப்போகும் விளையாட்டுக்கு, முதல் நாளே இதை மனத்தில் வைத்து வடிவமைத்தால் அந்தச் சிக்கலில் பெரும்பகுதி எழாது.

இந்தியாவில் ‘வாங்கு’ என்ற சொல்லுக்குக் கலிஃபோர்னியாவைப் போன்ற தனிச் சட்டம் இல்லை. இருப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். அதன் 2(46) பிரிவு ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ எது என்று வரையறுக்கிறது. நுகர்வோரின் உரிமைகளைக் குறிப்பிடத்தக்க அளவில் மாற்றிவிடும் ஒப்பந்தங்கள் அதில் வரும். நியாயமான காரணமின்றி ஒரு தரப்பு மட்டும் தானாக ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ள வழிசெய்வதும் அந்தப் பட்டியலில் வெளிப்படையாகவே இருக்கிறது. “எப்போது வேண்டுமானாலும், எந்தக் காரணத்துக்காகவும் அணுகலை ரத்து செய்யலாம்” என்று எழுதி வைக்கும் உரிம விதியை இதற்கு நேராக வைத்துப் பாருங்கள். இந்த வகைப் புகார் மாவட்ட ஆணையத்தில் எடுபடாது, மாநில நுகர்வோர் ஆணையத்தில்தான் தொடங்க வேண்டும். தவறாக வழிநடத்தும் விளம்பரம், நியாயமற்ற வணிக நடைமுறை என்ற தலைப்புகளில் என்றால், தொகையைப் பொறுத்து மாவட்ட ஆணையத்துக்கும் போகலாம்.

புகார் கொடுக்கும் நிலை வந்தால் கையில் இருக்க வேண்டியவை மூன்று. பணம் செலுத்திய ரசீது. வாங்கிய நாளில் இருந்த உரிம விதிகளின் நகல். விதிகளை அவர்கள் இடையில் மாற்றிக்கொண்டே இருப்பார்கள் என்பதால் தேதி முக்கியம். மூன்றாவது, வாங்கும்போதே எடுத்த ஒரு ஸ்கிரீன்ஷாட்: விலையும் அதன் பக்கத்தில் ‘வாங்கு’ என்ற பொத்தானும் தெரிய வேண்டும். கடைக்காரர் பக்கத்தை மாற்றிவிட்ட பிறகு, அன்று அங்கே என்ன சொல் எழுதியிருந்தது என்று ஆணையத்துக்குக் காட்ட வாங்கியவரிடம் வேறு சாட்சி இருக்காது.